காதுக்குத் தெரிந்த தமிழ் வாய்க்கும் வர

கேள்வி: எனக்கு வயது 21. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன். மர்பி டவுனில் வீடு. அம்மாவின் ஊர் திருப்பத்தூர் பக்கம். ஆங்கில வழிப் பள்ளியில் படித்தேன். கன்னடம் இரண்டாம் மொழி, இந்தி மூன்றாம் மொழி. வீட்டில் பேசும் தமிழ் முழுக்கப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் கன்னடமும் ஆங்கிலமும்தான் வருகின்றன. ஊருக்குப் போனால் மாமா பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பாட்டியோடு போனில் பேசினால் ‘ஆமா’, ‘இல்ல’, ‘சரி’யோடு முடிந்துவிடுகிறது. தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. காலமான தாத்தா அம்மாவுக்கு எழுதிய இன்லண்டு கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. அவற்றை நானே படிக்க ஆசை. எழுத்திலிருந்து தொடங்குவதா, பேச்சிலிருந்தா? கன்னடம் என் தமிழைக் கெடுக்கிறதா? வகுப்பில் சேர வேண்டுமா? (நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவர் அம்மா.)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இதை அம்மா படித்துக் காட்டுவார் என்பதால் அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். வீட்டில் இரண்டு பேர் வேகமாகப் பேசிக்கொள்வது யோசிக்காமலே புரிகிறதென்றால், தமிழின் ஒலிகள், சொல் வரிசை, அன்றாடச் சொற்கள் எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. வராமல் நிற்பது வேறு ஒன்று. கேட்பவருக்குச் சொல்லின் அடி பிடிபட்டால் போதும். ‘வாங்கி’ என்பது காதில் விழுந்தாலே மிச்சத்தைச் சூழ்நிலை சொல்லிவிடும். பேசுகிறவர் வாங்கினேனா, வாங்கினாங்களா, வாங்கலையா என்று கடைசி அசை வரைக்கும் தானே கட்டியாக வேண்டும். இருபது வருடம் கேட்டும் அந்தக் கடைசி அசைகள் வாய்க்குப் பழகாமல் இருப்பது இதனால்தான். அதனால் அ, ஆ என்று பலகையை வைத்துத் தொடங்குவது உங்களுக்குச் சரிவராது. முதல் ஆறு வாரம் பேச்சு மட்டும். எழுத்து அதற்குப் பிறகு.

முதல் நாள் ஒரு சோதனை செய்யுங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள் என்று மூன்று நிமிடம் தமிழில் சொல்லுங்கள். தடுமாறினால் நிறுத்த வேண்டாம். கன்னடமோ ஆங்கிலமோ வந்தால் வரட்டும். பிறகு அம்மாவோடு உட்கார்ந்து கேட்டு, தமிழை விட்டு விலகிய இடங்களை மூன்றாகப் பிரியுங்கள்: சொல்லே தெரியாத இடம், சொல் தெரிந்தும் முடிவு தெரியாத இடம், இரண்டும் தெரிந்தும் வாய் வராத இடம். உங்களைப் போன்றவர்களிடம் இரண்டாவது வகைதான் மிகுதியாக இருக்கும். புதிய சொற்களை மனப்பாடம் செய்யும் செயலிகள் பெரிதாக உதவாமல் போவதற்குக் காரணம் அதுவே. அவை முதல் வகைக்கு மட்டும் மருந்து.

முடிவுகளில் இறந்தகாலத்தைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். நிகழ்காலமும் எதிர்காலமும் ஓரளவு ஒரே அச்சில் வரும். இறந்தகாலம் அப்படி வராது: வாங்கு–வாங்கினேன், நட–நடந்தேன், படி–படிச்சேன், எடு–எடுத்தேன், போடு–போட்டேன், கேளு–கேட்டேன், நில்லு–நின்னேன், சொல்லு–சொன்னேன், போ–போனேன். விதியாகப் படிக்கப் போனால் குழம்பும். நாளுக்கு நான்கு வினைச்சொல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நான், நீ, அவங்க என மூன்று ஆளுக்கும், கூடவே எதிர்மறைக்கும் (‘வாங்கல’, ‘நடக்கல’) வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே நான்கையும் அன்று சாயங்காலம் அம்மாவிடம் உண்மையான செய்தியில் பயன்படுத்துங்கள். அறுபது வினை கைவசமானால் வீட்டுப் பேச்சில் பெரும்பகுதி நடந்துவிடும்.

இதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. தானாக நடந்ததற்கும் ஒருவர் செய்ததற்கும் தமிழ் வேறு வேறு உருவம் வைத்திருக்கிறது: ‘டம்ளர் உடைஞ்சுது’, ‘நான் டம்ளர உடைச்சேன்’; ‘சட்ட கிழிஞ்சுது’, ‘சட்டைய கிழிச்சேன்’; ‘வேல முடிஞ்சுது’, ‘வேலைய முடிச்சேன்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான். அதையே நினைத்துப் பேசுகிறவர்கள் இங்கே அதிகம் சறுக்குவார்கள். இவற்றை இரண்டிரண்டாகவே மனத்தில் வையுங்கள்.

அடுத்து, சொல்லின் நடுவே நடக்கும் மாற்றம். ‘வீடுல’, ‘வீடுக்கு’, ‘மரம்ல’ என்று சொல்கிறீர்களா என்று கவனியுங்கள். வீடு ‘வீட்டு’ ஆன பிறகே ‘ல’வும் ‘க்கு’வும் ஒட்டும். மரம் ‘மரத்து’ ஆக வேண்டும். ஆறு ‘ஆத்து’ ஆக வேண்டும். வீட்டுல, நாட்டுக்கு, ஆத்துல, சோத்துக்கு, பணத்துக்கு, மரத்துல. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் உங்கள் பேச்சு ஊர்ப்பேச்சுக்கு ஒரே தாவலில் கிட்டே வந்துவிடும்.

கன்னடம் கெடுக்கிறதா என்று கேட்டீர்கள். கெடுக்கவில்லை, உங்களிடம் இருக்கும் பெரிய கைமுதல் அதுதான். டெல்லியிலோ மும்பையிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது. வாக்கியத்தின் அடுக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. ‘நனகெ கொத்து’ என்று யோசிக்காமல் சொல்லும் நீங்கள் தமிழில் ‘நான் தெரியும்’ என்றால், அந்த இடத்தில் உள்ளே ஓடுவது ஆங்கிலம். கன்னடத்தை நினைத்துக்கொண்டால் ‘எனக்குத் தெரியும்’ தானே வந்துவிடும். பசி, வேண்டும், பிடிக்கும், புரிகிறது எல்லாம் அப்படித்தான்.

சொற்களுக்கும் வழி இருக்கிறது. தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரம் ஆகியிருக்கும்: பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து, பாடு–ஹாடு. சொல்லின் முதலில் வரும் தமிழ் வகரம் அங்கே கன்னடப் பகர வரிசையின் மூன்றாம் எழுத்து (ஆங்கில b ஒலி): வா–பா, வேர்–பேரு, வாழை–பாளெ, விலை–பெலெ, வெள்ளி–பெள்ளி. இகரத்துக்கும் எகரத்துக்கும் முன்னால் தமிழில் சகரம் வரும் சில சொற்களில் கன்னடம் பழைய ககரத்தை வைத்திருக்கிறது: செவி–கிவி, சேறு–கெசரு. சொல்லின் கடைசி ஐகாரம் அங்கே எகரம்: தலை–தலெ, மலை–மலெ, மழை–மளெ. தமிழ்ச் சொல் வாயில் வராத நேரத்தில் கன்னடச் சொல்லை எடுத்து இந்த நான்கு வழியிலும் திருப்பிப் பாருங்கள். பல நேரம் காதுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் வந்து நிற்கும்.

எச்சரிக்கை இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. உருவம் ஒத்துப் பொருள் விலகிய சொற்களும் இருக்கின்றன. கன்னட ஹள்ளி ஊர். தமிழ்ப் பள்ளி நீங்கள் படித்த இடம். கன்னட மனெ வீடு; தமிழ் மனை வீடு கட்டும் நிலம். கன்னட பரெ எழுதுவது. தமிழ் வரை படம் வரைவது. இவற்றை ஒரு நோட்டில் தனிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

கன்னடம் உண்மையாகவே காலை வாரும் இடம் ஒன்று உண்டு. தமிழில் நாமும் நாங்களும் வேறு. கேட்பவரையும் சேர்த்தால் நாம, அவரை விட்டால் நாங்க. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றே. அதனால் பெங்களூர்ப் பிள்ளைகள் பாட்டியைப் பார்த்து ‘நாங்க கோயிலுக்குப் போலாமா?’ என்று கேட்டுவிடுகிறார்கள். பாட்டிக்கு அது, தன்னை விட்டுவிட்டுப் போக அனுமதி கேட்பதுபோல் விழும். ‘நாம போலாமா?’ என்பதே அழைப்பு. ‘நம்ம வீடு’, ‘எங்க வீடு’ என்பதற்கும் இதே கணக்கு. ஒரு வாரம் இதை மட்டுமே கண்காணித்தாலும் தகும்.

இனி அம்மாவுக்கு. பையன் வாக்கியத்தின் நடுவில் நின்றால் நீங்கள் முடித்து வைக்காதீர்கள். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். தப்பாகச் சொன்னால் ‘அப்படி இல்ல’ என்று நிறுத்த வேண்டாம். சரியான வடிவத்தை உங்கள் பதிலில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். ‘நான் வீடுக்கு வரும்போது மழை’ என்று அவர் சொன்னால், ‘வீட்டுக்கு வரும்போது நல்லா நனைஞ்சிட்டியா?’ என்று கேட்டாலே போதும். அவர் கன்னடத்தில் கேட்டாலும் நீங்கள் தமிழில் பதில் சொல்லுங்கள். விருந்தாளிகள் முன்னால் ‘இவன் இப்போ தமிழ் பேசறான், பேசிக் காட்டுடா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மாமா பிள்ளைகளிடமும் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இந்த வயதில் ஒருவர் பேச்சை நிறுத்துவது இலக்கணத்தால் அல்ல, சிரிப்பால். இதில் வீடு ஒத்துழைக்காவிட்டால் மேலே சொன்ன பயிற்சி எதுவும் நிலைக்காது என்றே நினைக்கிறேன்.

பாட்டியோடு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பேசும் முறையை மாற்றுங்கள். நீண்ட அழைப்பில் பொருள் தீர்ந்துபோய் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்று சுற்றிவரும். வாரத்தில் ஐந்து நாள், ஐந்தைந்து நிமிடம், ஒரே ஒரு பொருள். அழைக்கும் முன் அதற்கு வேண்டிய நான்கு சொற்களை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆமா, இல்ல என்று பதில் வரும் கேள்வி வேண்டாம். ‘எப்படி’ என்று கேளுங்கள். களி எப்படிக் கிண்டுவீங்க? கொள்ளு எத்தன நேரம் ஊறணும்? ஏரி நெறஞ்சா ஊர்ல என்ன செய்வாங்க? போனை வைத்தபின், பாட்டி சொன்னதை அம்மாவிடம் உங்கள் வாயால் திரும்பச் சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போதுதான் முடிவுகள் வாய்க்கு வரும். எந்தத் தமிழைக் கற்பது என்ற குழப்பமும் இதோடு தீரும்: பாட்டி பேசும் தமிழ். தொலைக்காட்சித் தொகுப்பாளர் பேசுவதையோ சினிமா வசனத்தையோ அளவுகோலாக வைக்காதீர்கள்.

ஏழாவது வாரத்தில் எழுத்து. 247 என்ற எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மற்ற 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கை. கன்னட எழுத்து படித்தவருக்கு இந்தச் சேர்க்கை முறை புதிதல்ல. அங்கே ஒத்தெழுத்து (மெய்யை ஒட்டி வரும் அடுத்த எழுத்து) கீழே தொங்கும். இங்கே புள்ளி வைத்து வரிசையாக நிற்கும். அவ்வளவுக்கு இது எளிது. முதலில் ட, ப, ம எடுங்கள். கோடுகள் பெரும்பாலும் நேரானவை, அன்றே படம், மடம், பட்டம் என்று சொற்கள் படித்துவிடலாம். பிறகு நாளுக்கு மூன்று எழுத்து.

கை தடுக்கும் இடங்கள் இரண்டு. கெ, கே, கை ஆகியவற்றின் குறி எழுத்துக்கு இடப்பக்கம் வரும். கன்னடக் கண் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்துப் படித்துவிடும். கையால் எழுதும்போது குறி முதலில், எழுத்து பிறகு. போனில் தட்டும்போது எழுத்து முதலில், குறி பிறகு. மற்றது உகர வரிசை. அது ஒரே குறி போட்டு வராது. கு, டு, மு, ரு, ழு, ளு வளையும். சு, பு, யு, வு கீழே இறங்கும். து, நு, ணு, னு, லு, று அடியில் வளைந்து மேலே ஏறும். இந்த மூன்று குடும்பமாகப் பிரித்து எழுதிப் பழகினால் நான்கைந்து நாளில் நிற்கும்.

கன்னடத்தில் ககர வரிசையின் முதல் எழுத்துக்கும் மூன்றாம் எழுத்துக்கும் தனித்தனி வடிவம். தமிழில் ‘க’ ஒன்றே. எப்போது எப்படி ஒலிப்பது என்பதை இடம் சொல்லும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் முதல் எழுத்தின் ஒலி: கல், பக்கம். மெல்லின மெய்க்குப் பின்னால் மூன்றாம் எழுத்தின் ஒலி: தங்கம், வண்டி, பந்து, அம்பு. இரண்டு உயிருக்கு நடுவில் தளர்ந்த ஒலி: மகன், படம், விதை. சகரம் கொஞ்சம் விலகும். சட்டை, பசி என்னும்போது ஸகரம்போல, பச்சை என்னும்போது அழுத்தமாக. பஸ், பெங்களூரு போன்ற வந்த சொற்கள் விதிக்கு அடங்காது. அவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதானே.

எழுதும்போது மூன்று னகரம் குழப்பும். ந சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வரும் (நாய், பந்து). டகரத்துக்கு முன் ண (வண்டி). றகரத்துக்கு முன் ன (கன்று). இதுவே பாதிப் பிழையைத் தடுக்கும். ழகரத்தைக் கன்னடம் இழந்துவிட்டதால் அந்தப் பக்கமிருந்து உதவி வராது. கோளி கோழி ஆகும், ஏளு ஏழு ஆகும். பெள்ளி மட்டும் வெள்ளியாகவே நிற்கும். ர, ற வேறுபாட்டையும் சொல் சொல்லாகத்தான் கண்ணில் பதிக்க வேண்டும்.

படிக்கத் தொடங்கியதும் ஓர் ஏமாற்றம் வரும்: எழுத்தைக் கூட்டி ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று படித்தால் அது காதுக்குத் தெரிந்த சொல்லாக ஒலிக்காது. பேச்சில் அது ‘படிச்சிட்டிருக்கேன்’. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு விலகி நிற்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். விலகல் முறையாகத்தான் நடக்கிறது. ற்ற பேச்சில் த்த ஆகும்: காற்று–காத்து. ன்று, ண்ணு அல்லது ன்னு ஆகும்: ஒன்று–ஒண்ணு, கன்று–கன்னு. இகர ஐகாரத்துக்குப் பின் த்த, ச்ச ஆகும்: படித்தேன்–படிச்சேன், வைத்தேன்–வச்சேன். அதே இடத்தில் ந்த, ஞ்ச: தெரிந்தது–தெரிஞ்சது. சொல்லின் முதல் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்கும்: இலை–எல, உடம்பு–ஒடம்பு. ஒரு பக்கம் படிக்கும்போது ஒவ்வொரு வரியையும் முதலில் எழுதியபடி, பிறகு பாட்டியிடம் சொல்வதுபோல் என்று இருமுறை சொல்லுங்கள்.

படிக்க என்ன எடுப்பது? தமிழ்நாட்டு அரசின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். எழுத்துப் பழகும்வரை அவை போதும். பிறகு பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை பிரித்து இருக்கின்றன. முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். அதன்பின் தினத்தந்தி. பெங்களூர்ப் பதிப்பில் உள்ளூர்ச் செய்தி வரும், வாக்கியங்கள் சிறியவை, அல்சூர், சிவாஜிநகர் என்று தெரிந்த பெயர்கள் பாதி வேலையைச் செய்துவிடும். நாளுக்கு ஒரு செய்தி, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கடிதங்களுக்கு வருவோம். அச்சு படிக்க வந்ததும் கையெழுத்து வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மூன்று தடை இருக்கும். ஒன்று, வேகமாக எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். ‘அமமா’ என்று இருந்தால் ‘அம்மா’. இரண்டு, துணைக்காலும் ரகரமும் ஒரே கோடாகத் தெரியும். சொல்லைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மூன்றாவதுதான் உங்களை முற்றிலும் நிறுத்தும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசையும், ணை, லை, ளை, னை நான்கும் வேறு வடிவில் இருந்தன. மொத்தம் 13 எழுத்து. பழைய னாவில் தனித் துணைக்கால் இல்லை, எழுத்தின் வாலே சுருண்டு போகும். பழைய லையில் ஐகாரக் குறி எழுத்தின் தலையில் யானைத் துதிக்கைபோல் வளையும். அதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் பலர் கடைசிவரை கைப்பழக்கத்தில் அப்படியே எழுதினார்கள். தாத்தாவும் எழுதியிருக்கலாம். அம்மாவுக்கு இவை தெரிந்திருக்கும். கடிதத்திலிருந்தே அந்த 13 எழுத்தையும் தேடி ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடிதங்களைத் தொட்டுத் தொட்டுப் படிக்காதீர்கள். இன்லண்டுத் தாள் மடிப்பில்தான் முதலில் கிழியும். ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் போனில் படமெடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். முகவரிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெயரும் ஊரும் உங்களுக்குத் தெரியும் என்பதால் தாத்தாவின் கையெழுத்துக்கு அதுவே திறவுகோல். பிறகு தொடக்கமும் முடிவும். மேலே ஒரு ‘உ’ தனியாக இருந்தால் அது பிள்ளையார் சுழி. ‘நலம், நலமறிய அவா’, ‘மற்றவை நேரில்’ போன்ற வழக்கமான வரிகள் கடிதத்துக்குக் கடிதம் திரும்ப வரும். ஐந்து கடிதத்தில் அவற்றை அடையாளம் கண்டால் எழுத்து வடிவங்கள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நடுப்பகுதியை அதன்பின் எடுங்கள், சிறிய கடிதம் முதலில்.

வகுப்பைப் பற்றி: முதல் ஆறு வாரத்துக்கு வேண்டாம். தொடக்க வகுப்புகள் பெரும்பாலும் தமிழே கேட்டிராதவர்களுக்காக ‘இது என்ன, இது மரம்’ என்று தொடங்கும், உங்களுக்குச் சலித்துவிடும். எழுத்துக்கு வரும்போது அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் அப்போது என்ன வகுப்பு நடக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே நூலகமும் இருக்கிறது. நேரம் ஒத்துவராவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் கிடைக்கும். எங்கே சேர்ந்தாலும் ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பேச்சு புரியும், எழுத்துதான் வேண்டும், கன்னடம் படிக்கத் தெரியும். அதைக் கேட்ட பிறகும் உங்களை மழலையர் வரிசையிலேயே உட்கார வைத்தால், வேறு வகுப்பைப் பாருங்கள்.